காவல் எண்

"வாங்கம்மா, வாங்க. ஒங்க காவக்காரன்... நேத்தும் என் கழுத்தப் பிடிச்சுட்டான்."

தலைமாட்டை உயர்த்தி வைத்த கட்டிலில் சாய்ந்தபடியே எஸ்தர் டீச்சர் வரவேற்றார். நாலைந்து சொல்லுக்கு ஒரு தரம் அவர் பேச்சு நிற்கும். நிறுத்துவது அவரல்ல, அவர் நெஞ்சுக்குள் இருக்கும் மூச்சி. பள்ளிப் பேருந்து கவிழ்ந்து கழுத்தெலும்பு முறிந்து, சில மாதம் தொண்டைக் குழாயில் கழித்த பிறகு, மூச்சை இழுத்து விடும் வேலையை அந்தத் தீப்பெட்டி அளவுக் கருவிதான் பார்க்கிறது. மருத்துவர்கள் அதற்கு வைத்த பெயர் நீளமானது. நெஞ்சில் வைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் வீட்டுப் பூனையைக் கூப்பிடுகிற மாதிரி மூச்சி என்றே கூப்பிட்டார்கள்.

மூச்சிக்குள் ஓடும் கணினி நிரலைக் கட்டி அனுப்புகிற பில்டு பிரிவுக்குத் தலைவி தமயந்தி. இதுவரை போனில்தான் பேசியிருக்கிறாள். ஒரு நோயாளியின் வீட்டுக்குள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

"எவ்வளவு நேரமுங்க நின்னுச்சு, டீச்சர்?"

"அவுகட்டக் கேளுங்க. எனக்கு அப்ப... மணி பாக்க நேரமில்ல."

அவுக என்றது கணவர் சாமுவேல்ராஜை. ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலை. அதற்காகத்தான் நாசரேத்தை விட்டுப் போத்தனூருக்குக் குடிவந்தது. கையால் அமுக்கும் மூச்சுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ அது தூங்கும் பிள்ளை என்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"மொதத் தடவ நான் பையை எடுத்துட்டு வாரதுக்குள்ள அதுவா ஓட ஆரம்பிச்சிட்டு மேடம். அடுத்த தடவ கூடக் கொஞ்ச நேரம். நேத்து என் ரெண்டு கையும் ஓஞ்சுபோற வரைக்கும் அமுக்குனேன். ஏன் மேடம் ஒவ்வொரு தடவையும் கூடிக்கிட்டே போவுது?"

"போன்ல பின் நம்பரத் தப்பாப் போட்டா காக்க வெக்குமில்லீங்களா? திரும்பத் தப்பாப் போட்டா இன்னும் அதிகமா? அதே மாதிரிதானுங்க. உள்ள யாரோ பூந்துட்டாங்கன்னு மூச்சிக்குச் சந்தேகம் வந்தா எல்லாத்தையும் நிறுத்திட்டு, சோதிச்சிட்டு, மறுபடி தொடங்கும். சந்தேகம் கூடக் கூடச் சோதனையும் கூடும்."

"பூந்தது யாரு?"

"யாரும் பூரலைங்க. அதை உறுதியாப் பாத்துட்டோம். எங்க நிரல்லயே எங்கியோ ஒரு தப்பு இருக்குது. அதைத் திருடன்னு நெனச்சுக்குது."

சாமுவேல்ராஜ் பையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். "சிக்னல்லயும் இதான் மேடம். சந்தேகம்னா சிவப்பு. ரயிலு நின்னுரும். நின்ன ரயிலுக்கு ஒண்ணும் ஆவாது. நின்ன மூச்சுக்கு?"

தமயந்தி சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருந்தது. அதை இறக்கி வைத்துவிட்டால் தேவலை.

"இன்னொண்ணு சொல்லோணுங்க. இன்னும் ஒரு தடவை நின்னா மறுபடி ஓடும். அதுக்கு அடுத்த தடவை நிரந்தரமா நின்னு பூட்டிக்கும். பூட்டினா எங்களாலயும் திறக்க முடியாது. இத்தனை தடவை நின்னுச்சுங்கற கணக்கு சிப்புலயே எரிஞ்சு பதிஞ்சுடுது. எந்த பில்டு போட்டாலும் அழியாதுங்க."

"அறுத்து வேற வைக்க முடியாது," என்றார் சாமுவேல்ராஜ். "இன்னொரு ஆபரேசனை இவ தாங்கமாட்டான்னு டாக்டரம்மா சொல்லிட்டாவ."

"அப்போ தொண்டையில ஓட்ட... மறுபடியும் குழாய்." எஸ்தர் டீச்சர் கண்ணை மூடித் திறந்தார். "அந்த எட்டு மாசம்... நான் ஒரு வார்த்த பேசல, எம்மா. இவுக மட்டுந்தான்... பேசுனாவ. ஒரே பேச்சு. அந்தத் தண்டன... எனக்கு இன்னொரு தடவ வேண்டாம்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சாமுவேல்ராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எந்த இடத்துல தப்புன்னு பாத்துச் சொல்லக் கூடாதா மேடம்?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "எங்க வேலையில ஒரு சிக்னல் செத்துதுன்னா எந்த ரிலே போச்சுன்னு பாத்துருவோம்."

"ரிலேவுக்குப் பேரு இருக்குதுங்க. இதுல எல்லாப் பேரையும் உரிச்சு எடுத்துட்டோம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவரும் மறந்திருக்கமாட்டார். வேறு ஊர், வேறு நிறுவனத்தின் கருவிகள். யாரோ ஒரு கும்பல் எங்கோ உட்கார்ந்துகொண்டு, பணம் கேட்டு, காலை ஜெப வேளையில் மனிதர்களின் மூச்சை ஒவ்வொன்றாக நிறுத்தியது. அதன் பிறகு சட்டம் வந்தது. உடம்புக்குள் வைக்கிற எதுவும் சீல் பில்டாகத்தான் இருக்க வேண்டும். எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும்போதே, எந்தப் பகுதி எந்த வேலை செய்கிறது என்று சொல்லும் பெயர்களை உரித்துவிட வேண்டும். ஒருவர் கருவிக்குள் நுழைந்த வழி இன்னொருவரிடம் செல்லாதபடி, ஒவ்வொரு நெஞ்சுக்கும் உள்ளறைகளை வேறு மாதிரி குலுக்கிப்போட வேண்டும். அறைக்கு அறை ஒரு காவல் எண் வைத்து, அது கலைந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும்.

சட்டம் கேட்டதற்கு மேலேயே தமயந்தியின் நிறுவனம் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டது. உரித்த பெயர்களும், எப்படிக் குலுக்கியது என்று சொல்லும் விதை எண்ணும் அடங்கிய நினைவு வில்லையைச் சாட்சி வைத்து எரித்துவிடுவார்கள். எரித்து முடித்ததும் எல்லாருக்கும் போண்டாவும் டீயும். எஸ்தர் டீச்சரின் வில்லை எரிந்த அன்று போண்டாவில் உப்பு அதிகம் என்று தமயந்தி சமையல்காரரிடம் சண்டை போட்டாள். அது நினைவிருந்தது. வில்லையில் இருந்தது எதுவும் இப்போது யாரிடமும் இல்லை.

"புதுசாக் குலுக்கிப் போட்டுப் பாத்தீங்களே, ரெண்டாவது தடவ நின்னப்ப?" என்றார் சாமுவேல்ராஜ்.

"பாத்தோம். தப்பு போகலை, இடந்தான் மாறுச்சு. குலுக்கறது லாட்டரிங்க. டீச்சர் உசிரை வெச்சு இனியும் அதை ஆட மாட்டேன்."

"அப்ப வேற என்ன... ஆடப்போறீய?" என்றார் எஸ்தர் டீச்சர்.

*

"பேரை உரிக்காம, திறந்த பில்டா? அந்தம்மா நெஞ்சுலயா?"

வெள்ளியங்கிரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். பாதுகாப்புப் பிரிவு அவர் கையில். அந்த ஞாயிற்றுக்கிழமை, தங்கள் கருவியும் நின்றுவிடுமோ என்று பதறிக் கூப்பிட்ட அத்தனை குடும்பங்களுக்கும் இருட்டும் வரை பதில் சொன்னவர். அதற்குப் பிறகு அவர் எந்தக் கதவையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் போனதில்லை.

"பேரு வேணுங்க சார். பேரில்லாம நான் எதைத் தேடறது? நின்ன இடம்னு அது ஒரு நீள நம்பரைக் குடுக்குது. அது பேச்சா, தூக்கமா, பேட்டரியா, ஒண்ணும் தெரியலை."

"பேரை வெச்சா, திருடனுக்கு வீட்டுப் படத்தை வரைஞ்சு கையில குடுத்த மாதிரிங்க தமயந்தி."

"படமே இல்லாம வீட்டுக்காரி வாசல்ல நிக்கறனுங்களே, அது பரவாயில்லீங்களா?"

"ஒருத்தருக்காகத் திறந்தா மூச்சி வெச்ச நாலாயிரம் பேருக்கும் திறந்த மாதிரி."

"ஒருத்தர்னு சொல்லாதீங்க. எஸ்தர்னு ஒரு பேரு இருக்குது. அதையுமா உரிச்சுப் போடோணும்?"

வெள்ளியங்கிரி சன்னல் பக்கம் போய் நின்றார். வெளியே சரவணம்பட்டிச் சாலை வெயிலில் மினுங்கியது. சட்டப்படி குற்றம், வெளியே தெரிந்தால் உரிமம் போகும், இரண்டு பேரும் உள்ளே போகலாம். இதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"செரி," என்றார் கடைசியில். "ஆனா நான் சொல்றபடி. ரேடியோ அலை கூடாது. கம்பியிலதான் பேசோணும். ஸ்கேன் எடுக்கறாங்களே, வெளி அலை நுழையாம செம்பு வலை போட்ட அறை, அதுக்குள்ளதான் செய்யோணும். பேரு இருக்கட்டும். காவல் எண்ணும் இருக்கோணும்."

"காவலை எடுத்துடலாங்க சார். காவல்தானே மூச்சை நிறுத்துது?"

"எடுத்துட்டாக் கத்தாது. தப்பு பாட்டுக்கு நடக்கும், எங்க நடந்துச்சுன்னு அது சொல்லாது. நாளைக்கு வேற எதையாவது கெடுக்கும். நீங்க அப்பவும் வாசல்லயேதான் நிப்பீங்க."

"காவல் இருந்தா அவங்க மூச்சு நிக்கும்."

"நிக்கோணுங்க."

தமயந்தி அவரையே பார்த்தாள்.

"மிச்சமிருக்கறது ஒரு தடவைதான். அதை வீட்டுல, அவங்க வீட்டுக்காரரு ரேசன் கடைக்குப் போயிருக்கற நேரத்துல செலவழிக்கறதா, இல்லை டாக்டர் பக்கத்துல நிக்க நாம கண்ணைத் திறந்து வெச்சுட்டுச் செலவழிக்கறதா? அவ்வளவுதான் கேள்வி."

"இதை அவங்ககிட்ட யாருங்க சொல்றது?"

"நானே சொல்றேன்."

சொன்னார். போனில், சுற்றி வளைக்காமல். அந்தப் பக்கம் மூச்சி ஒரு தரம் இழுத்து விடும் சத்தம் கேட்டது.

"ஒங்க பேரென்ன... வெள்ளியங்கிரியா? நேராச் சொல்லுத ஆளு நீங்க. நிறுத்துங்க... ஆனா ஒரு தடவதான். கேட்டீயளா?"

*

ஆஸ்பத்திரியில், செம்பு வலை அறையின் வாசலில் வெள்ளியங்கிரி சுங்கச்சாவடி வைத்துவிட்டார். எஸ்தர் டீச்சரைப் பார்க்கும் டாக்டர் மும்தாஜ் விரலில் மாட்டியிருந்த, நாடி காட்டும் மோதிரமானி, தமயந்தியின் கடிகாரம், எல்லாருடைய போன், சாமுவேல்ராஜின் சாவிக்கொத்து, இடுப்புப் பட்டை எல்லாம் ஒரு தட்டில் விழுந்தன.

"இந்தச் சிலுவையையும் கழத்தணுமா சார்?"

"என்னதுல செஞ்சதுங்க?"

"ஒலிவ மரம்."

"மரம்னாப் பரவாயில்லீங்க. பேசாதில்ல?"

"இது வரைக்கும் எங்கிட்டப் பேசல சார்."

உள்ளே எஸ்தர் டீச்சரின் நெஞ்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி தமயந்தியின் திரைக்கு ஓடியது. பெயரும் காவலும் சேர்ந்த பில்டு ஏறியது. ஓடத் தொடங்கியது. தமயந்தி முதன்முறையாக ஒரு மனித உடம்புக்குள் தன் நிரல் பெயரோடு ஓடுவதைப் பார்த்தாள். 'இழு', 'பொறு', 'விடு'. அவளே வைத்த பெயர்கள்தான். என்னவோ கூச்சமாக இருந்தது, அடுத்தவர் கனவுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி.

காத்திருந்தார்கள். மூச்சி தவறவே இல்லை. டாக்டர் இரண்டு தடவை நாடி பார்த்தார். சாமுவேல்ராஜ் பையைக் கையிலிருந்து இறக்கவேயில்லை. வெளியே மதியச் சாப்பாட்டு வண்டி உருளும் சத்தம் வந்து போனது.

"என்ன மேடம், இன்னிக்கு ஒண்ணையும் காணோம்?"

"பில்டை மாத்தினா சில தப்பு ஒளிஞ்சுக்குங்க. டாக்டரைப் பாத்ததும் பல்வலி போயிடற மாதிரி."

"ஒளியவுமில்ல... கிளியவுமில்ல," என்றார் எஸ்தர் டீச்சர். "எழவு வீட்டுல இருக்க மாதிரி... நாலு பேரும் மூஞ்சிய வச்சுக்கிட்டு. அதுக்கு எப்பிடி... வரத் தோணும்? முந்தாநேத்து அது வந்தப்ப... வீடே அமளியால்ல கெடந்துது. எந்தங்கச்சிட்ட... இவுக வச்ச ரசத்தப் பத்திச் சொல்லி..."

தமயந்தி திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "சொல்லி?"

"சிரிச்சுக்கிட்டிருந்தேன்."

"அதுக்கு முந்தின தடவை?"

"டிவில பட்டிமன்றம்," என்றார் சாமுவேல்ராஜ்.

"அதுக்கும் முந்தி?"

"இவுக வேட்டி... லெவல் கிராசிங் கேட்டுல மாட்டி... கேட்டு மேல போச்சுல்லா, அந்தக் கத. பக்கத்து வீட்டு அக்காட்டச் சொல்லி... ஐயோ."

"அது இப்ப எதுக்குட்டீ?" என்றார் சாமுவேல்ராஜ் மெதுவாக.

தமயந்தி வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினாள். "சார், சிரிப்பை நாம சோதிச்சதே இல்லீங்க. பேச்சைச் சோதிக்கோணும்னா செய்தித்தாளைக் குடுத்து வாசிக்கச் சொல்லுவோம். செய்தித்தாள் வாசிச்சு யாரு சிரிச்சாங்க?"

வெள்ளியங்கிரி திரைக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார். "அப்ப இவங்க இப்பச் சிரிக்கோணும்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் எல்லார் மேலும் விழுந்தது. சிரிக்க வைக்க வேண்டும். சிரித்தால் மூச்சு நிற்கும். டாக்டர் கட்டிலின் அந்தப் பக்கம் போய் முகமூடியைச் சரிபார்த்தார். எல்லாரும் சாமுவேல்ராஜைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றார் அவர். பையோடு மனைவி பக்கம் திரும்பினார். "ஏட்டீ, நான் அந்த வேட்டிக் கதையச் சொல்லட்டா?"

"நீங்க சொன்னா... அழுகதான் வரும்."

சொன்னார். நடுவில் மறந்தார். கேட்டு மேலே போகும் இடம் வந்தபோது அவர் குரலே உடைந்துவிட்டது. டாக்டர் மும்தாஜ் கல்லூரி விடுதியில் பல்லி விழுந்த சாம்பாரைப் பற்றி ஏதோ சொன்னார். தமயந்திக்கு ஒரு துணுக்கும் நினைவுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த திருக்குறள்தான் வந்தது.

"வேண்டாம்... விட்டுருங்க," என்றார் எஸ்தர் டீச்சர், பாவப்பட்டு. "சிரிப்பென்ன... முறுக்கா? பிழிஞ்சா வர?"

வெள்ளியங்கிரி சுவரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டார்.

அப்போது தரையிலிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று கேட்டது.

"ஏனுங்க மாமா! நின்ன எடத்துலயே நின்னாச் சக்கரை எறங்குமா? நாலு எட்டு நடங்க!"

எல்லாரும் கீழே பார்த்தார்கள். வெள்ளியங்கிரியும் கீழே பார்த்தார். அவர் காலில் சர்க்கரை நோயாளிகளுக்கென்று வந்திருக்கும் பேசும் செருப்பு. அவருடைய மனைவி தன் குரலையே அதில் பதிந்து வைத்திருந்தார்.

"மாமா! கேக்குதுங்களா? நடக்கலீன்னாச் சாயங்காலம் வடை கெடையாது, சொல்லிப்புட்டேன்!"

ஊரில் உள்ள மோதிரத்தையெல்லாம் கழற்றி வாங்கிய மனிதர், ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு, செருப்பின் வாயை எங்கே அடைப்பது என்று தெரியாமல் நொண்டியடித்தார்.

எஸ்தர் டீச்சரிடமிருந்து முதலில் ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. பிறகு சிரிப்பு பிடித்துக்கொண்டது. "செருப்புக்கு... ஹி... செருப்புக்கு... வாயி..." தோள்வரை குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது. டாக்டரும் சிரித்தார். சாமுவேல்ராஜ்கூடச் சிரித்தார்.

சிரிப்பு பாதியில் அறுந்தது.

வாய் திறந்தபடி இருந்தது. கண் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. நெஞ்சு மட்டும் அசையவில்லை.

"அமுக்குங்க!" என்றார் டாக்டர்.

சாமுவேல்ராஜ் அமுக்கினார். விட்டார். அமுக்கினார். அவர் உதடு எதையோ எண்ணியது, அல்லது ஜெபித்தது. தமயந்தி கட்டிலைப் பார்க்கவில்லை. பார்த்தால் திரையைப் பார்க்க முடியாமல் போகும். திரையில் எழுத்துகள் வரிசையாக விழுந்தன. இந்த முறை வெற்று எண் இல்லை. பெயர். 'பேச்சு நீட்டு'. அதற்குள் 'கோரிக்கை வரிசை'. அதற்கு ஒட்டினாற்போல், கலைந்து கிடந்த காவல் எண்.

"இங்கதானுங்க," என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "இங்கதான் சார்."

மூச்சி சோதித்துக்கொண்டே இருந்தது. சாமுவேல்ராஜின் கை ஓய்ந்ததும் டாக்டர் வாங்கிக்கொண்டார். டாக்டரிடமிருந்து வெள்ளியங்கிரி, வெறுங்காலோடு. இனி வராது என்று தமயந்தி நினைத்துவிட்ட பிறகு, நெஞ்சு தானாக ஒரு தரம் உயர்ந்தது.

*

"திருடன்னு அது நெனச்சது... என் சிரிப்பையா?"

நிறம் திரும்பியதும் எஸ்தர் டீச்சர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"ஆமாங்க டீச்சர். பேசறப்ப உங்க தொண்டை மூச்சிகிட்ட, இன்னும் கொஞ்சம் காத்து விடுன்னு கேக்கும். கேக்கறதெல்லாம் வரிசைல நிக்கும். வாசிக்கற பேச்சுக்கு அந்த இடம் தாராளம். சிரிக்கறப்ப மளமளன்னு கேக்குது. வரிசை நெறைஞ்சு, பக்கத்துல இருந்த காவல் எண் மேல ஏறிடுச்சு."

"வரிசைல நிக்கத் தெரியாத சிரிப்பு," என்றார் சாமுவேல்ராஜ். "அவ குடும்பமே அப்பிடித்தான்."

திருத்தம் சிறியது. வரிசையைப் பெரிதாக்கி, அதற்கும் மேல் வருவதை உதறிவிட வேண்டும். வெள்ளியங்கிரி ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசித்தார். புதிய பில்டு ஏறியது.

"இதச் சோதிக்கணும்லா?" என்றார் எஸ்தர் டீச்சர்.

திருத்தம் தவறாக இருந்தால் இந்த முறை பூட்டு. திருத்தம் சரியென்று தமயந்திக்குத் தெரியும். காலையில் பழைய பில்டும் சரி என்றுதான் நாலாயிரம் பேருக்குத் தெரிந்திருந்தது.

"வீட்டுல போயிச் சிரிச்சுச் சாவுறதுக்கு... இங்கயே பாத்துருவோம். டாக்டரம்மா இருக்காவ... பை இருக்கு." முயன்றார். ஹா என்று ஒன்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. "வரமாட்டேங்குது எம்மா. இனி சிரிப்புன்னாலே... பயமா இருக்கு." பிறகு கேட்டார். "அழுதாலும் இப்பிடித்தானா?"

"ஆமாங்க. விம்மறப்பவும் தொண்டை அதே மாதிரிதான் கேக்கும். மூச்சிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அழுதாலுமா?"

கேட்டது வெள்ளியங்கிரி. கதவோரம் நின்றிருந்தவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"விம்மி விம்மி அழுதாலுமாங்க தமயந்தி?"

"ஆமாங்க சார். ஏனுங்க?"

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எங்கம்மாவுக்கும் மூச்சி வெச்சிருந்துச்சுங்க. நம்முளுதுதான். சீல் பில்டு. நான்தான் பக்கத்துல நின்னு வெச்சேன்." யாரையும் பார்க்காமல் பேசினார். "எங்கப்பாரு இறந்து, பொள்ளாச்சில ஊட்டுக்குக் கொண்டாந்தோம். அம்மா கட்டில்ல இருந்தபடிக்கே பாத்தாங்க. ஒரு வார்த்தை பேசலீங்க. அழுதாங்க. நெஞ்சு குலுங்கக் குலுங்க அழுதாங்க. அப்பறம் நின்னுபோச்சு. செரி, அழுகைய நிறுத்திட்டாங்க, கொஞ்சம் மனசு தேறிட்டாங்கன்னு நெனச்சு, நான் பந்தல்காரனுக்குப் பதில் சொல்லப் போயிட்டேன்."

சாமுவேல்ராஜ் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்து பாத்தா... ஊரே கூடிருச்சுங்க. புருசன் கூடவே போயிட்டா மகராசின்னு அத்தனை பேரும் காலத் தொட்டுக் கும்பிட்டாங்க. ரெண்டு பேரையும் ஒரே தேருல கொண்டுபோனோம். எங்கக்கா வருசந்தவறாம சேலை வெச்சுப் படைக்கறாங்க. ஊருல கலியாணம் ஆகற புள்ளைங்க தாலிக்கயித்த அவங்க சமாதில வெச்சு எடுத்துட்டுப் போறாங்க. மூச்சிய எடுத்துப் பாத்தவங்க பேட்டரி தீந்திருக்கும்னாங்க. அதுக்கு முந்தி எத்தனை தடவை அழுது நின்னு ஓடுச்சோ, நான் கேக்கலீங்க. எதைன்னு கேக்கறது? திறந்து பாக்க வழியில்லாம நானேதான பூட்டிக் குடுத்தேன்."

"சார், அவங்களோட பில்டு நம்மகிட்ட இல்லீங்க," என்றாள் தமயந்தி. "உறுதியாச் சொல்லவே முடியாது."

"அதேதாங்க நானும் சொல்றேன். சொல்லவே முடியாது." அவர் முகம் கோணியது. "நான் பந்தல்கிட்ட நின்னுட்டிருந்தேன். உள்ள பையி இருந்துச்சுங்க. கட்டிலுக்குக் கீழயே இருந்துச்சு."

எஸ்தர் டீச்சர் அழுதுகொண்டிருந்தார்.

எப்போது தொடங்கினார் என்று யாரும் கவனிக்கவில்லை. முதலில் கண்ணீர் மட்டும். பிறகு விம்மல், ஒன்றன்மேல் ஒன்றாக. தொண்டை வெட்டி வெட்டி இழுத்தது. "ஐயோ... அந்தப் பிள்ள... பந்தலுக்கு... போயிட்டானே..." சாமுவேல்ராஜ் பையைத் தூக்கிவிட்டார். டாக்டர் முகமூடியை முகத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்திருந்தார்.

தமயந்தி திரையைப் பார்த்தாள். வரிசை நிறைந்தது. நிறைந்து, மேல் வந்தது உதறப்பட்டது. மறுபடி நிறைந்தது. மறுபடி உதறப்பட்டது. பக்கத்தில் காவல் எண் அசையாமல் இருந்தது. எஸ்தர் டீச்சர் அழுதார், அழுதார், ஊரில் உள்ள எல்லாத் தாய்க்கும் சேர்த்து அழுகிற மாதிரி அழுதார். மூச்சி கூடவே ஓடிக்கொடுத்தது.

"நிக்கல," என்றார் சாமுவேல்ராஜ், பையை இறக்காமலே. "நிக்கலட்டீ. அழு. நல்லா அழு."

அழுகை ஓய்ந்து பெருமூச்சான பிறகு எஸ்தர் டீச்சர் கேட்டார்.

"சார்... நெசமாச் சொன்னீயளா? இல்ல... என்னய அழ வைக்கவா?"

"நெசந்தாங்க."

"அக்காவுக்குச் சொல்லுவீயளா?"

வெள்ளியங்கிரி எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். தமயந்தி பின்னாலேயே போனாள். நடைபாதையில் சாயங்கால வெயில் நீளமாக விழுந்திருந்தது. தட்டிலிருந்து அவர் போனை எடுத்தார்.

"நாலாயிரம் பேருக்கும் இப்பவே செய்தி போகட்டுங்க தமயந்தி. புது பில்டு ஏத்தற வரைக்கும் பக்கத்துல ஆள் இருக்கோணும், கையில பை இருக்கோணும். காரணத்தையும் எழுதுங்க. சிரிச்சாலும் அழுதாலும்னு."

"வெளிய தெரிஞ்சுடுங்களே சார்? இன்னிக்கு நாம செஞ்சதுஞ் சேத்து?"

"தெரியட்டும்."

"அக்காவுக்கு..." தமயந்தி தயங்கினாள். "அவங்க நிம்மதியா இருக்காங்க. அதைக் கலைக்கோணும்னு இல்லீங்களே. நமக்கே நிச்சயமாத் தெரியாதப்ப?"

அவர் கேட்டாரா இல்லையா தெரியவில்லை. எண்ணை அழுத்திவிட்டு, வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்றார். அந்தப் பக்கம் மணி அடித்தது. பாத்திரச் சத்தம், யாரோ குழந்தையை அதட்டும் சத்தம், பிறகு வயதான, வாஞ்சையான ஒரு குரல், தமயந்திக்கே கேட்கும் அளவுக்குச் சத்தமாக:

"என்ன கண்ணு, இந்நேரத்துல? சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லக்கா," என்றார் வெள்ளியங்கிரி. "நீ கையக் கழுவிட்டு வந்து உக்காரு. அம்மாவப் பத்திப் பேசோணும்."